மனித உடலின் மூட்டுகள்: வகைகள், அமைப்பு, அசைவுகள்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடம் மூட்டு எனப்படும். வளர்ந்த மனிதரின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. இவற்றுள் நாக்கின் அடியில், தொண்டையின் முன்பக்கத்தில் இருக்கும் நாவடி எலும்பு மட்டும் வேறெந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் தசைகளாலும் நார்களாலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. மற்றவை எல்லாம் ஏதாவது ஒரு மூட்டில் பங்கு கொள்கின்றன.

மூட்டு என்றதும் முழங்காலும் தோளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மண்டையோட்டில் காணப்படும் தையல் போன்ற கோடுகளும், தாடைக்குழியில் பல் பதிந்திருக்கும் இடமும்கூட மூட்டுகளே. எலும்புகளை அசையவிடுவது மூட்டின் ஒரு வேலை. அவற்றை விலகாமல் பிடித்துவைப்பது இன்னொரு வேலை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. தாராளமாக அசையும் மூட்டு எளிதில் நழுவும். அழுத்தமாகப் பிடித்த மூட்டு குறைவாகவே அசையும். ஒரு மூட்டு இவற்றுள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அதன் வடிவத்தையும் அசைவையும் அதற்கு வரக்கூடிய கேட்டையும் மனப்பாடம் செய்யாமலே பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம்.

வகைப்பாடு

மூட்டுகளை இரண்டு வழிகளில் பிரிப்பதுண்டு. அசைவின் அளவைக் கொண்டு அசையா மூட்டு, சிறிதளவு அசையும் மூட்டு, நன்கு அசையும் மூட்டு என்று பிரிப்பது ஒரு வழி. எலும்புகளுக்கு இடையே இருக்கும் பொருளைக் கொண்டு நார் மூட்டு, குருத்தெலும்பு மூட்டு, உயவு மூட்டு என்று பிரிப்பது மற்றொரு வழி. உயவு மூட்டு என்பதைச் சினோவியல் மூட்டு என்றும் எழுதுவர்.

பள்ளிப் பாடங்களில் இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதுபோலச் சொல்லப்படுவதுண்டு. பெரும்பாலும் அது சரிதான், முழுமையாகச் சரியன்று. வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பு மூட்டு வகையைச் சேர்ந்தது, ஆனால் அது அசைவதே இல்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே கீழ்க்காலின் இரு எலும்புகளையும் கட்டியிருப்பது நார் மூட்டு, ஆனால் அது சிறிது அசைந்துகொடுக்கும். எனவே இங்கே பொருளைக் கொண்டு பிரிக்கும் முறையே பின்பற்றப்படுகிறது.

நார் மூட்டுகள்

எலும்புகளுக்கு இடையே வெற்றிடம் எதுவும் இல்லாமல், உறுதியான நார்த் திசு நேரடியாக அவற்றைக் கட்டியிருந்தால் அது நார் மூட்டு. மண்டையோட்டின் தையல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எலும்புகளின் ஓரங்கள் ரம்பப் பற்கள்போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருப்பதால் மூளையைக் காக்கும் பெட்டகம் உறுதி பெறுகிறது.

பிறந்த குழந்தையில் இந்த எலும்புகள் இன்னும் நெருங்கிச் சேர்ந்திருப்பதில்லை. பிறப்பின்போது அவை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி, தலை குறுகி வெளிவர இடமளிக்கின்றன. எலும்புகள் கூடும் மூலைகளில் இருக்கும் மென்மையான இடைவெளியே உச்சிக்குழி. பின்பக்கத்து உச்சிக்குழி முதல் சில மாதங்களிலேயே மூடிவிடும். முன்பக்கத்தது மூட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பல்லும் தாடையும் சேரும் இடம் நார் மூட்டின் இன்னொரு வடிவம். பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. நுண்ணிய நார்களால் குழிக்குள் தொங்கவிடப்பட்டிருக்கிறது. சோற்றில் கல் கடிபட்டால் அந்தக் கணமே தெரிந்துவிடுவது இந்த நார்களில் இருக்கும் உணர்வு நரம்புகளால்தான். நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. கொலாஜன் சரியாக உருவாக வைட்டமின் சி தேவை. அந்தக் காலத்து நெடுங்கடல் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்தபோது பற்கள் ஆடி விழுந்ததற்குக் காரணம் இதுவே.

குருத்தெலும்பு மூட்டுகள்

இங்கே எலும்புகளை இணைப்பது குருத்தெலும்பு. மேலே சொன்ன வளர்ச்சித் தட்டு இந்த வகையில் தற்காலிகமானது. உயரம் கூடும் வரை இருந்து, பருவமடைந்த சில ஆண்டுகளில் எலும்பாகி மறைந்துவிடும்.

நிலைத்திருப்பவற்றுள் முதன்மையானவை முதுகெலும்பின் வட்டுகள். முள்ளெலும்புகளுக்கு இடையே 23 வட்டுகள் உள்ளன. மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் இடையிலும், முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலும் வட்டு கிடையாது. ஒவ்வொரு வட்டிலும் வெளியே வளையம் வளையமாக அடுக்கிய நார்களும் நடுவில் நீர் நிறைந்த கூழ் போன்ற பகுதியும் இருக்கும். பகல் முழுவதும் நிற்பதாலும் உட்காருவதாலும் வட்டுகளிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழியப்படுகிறது. இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் ஊறுகிறது. அதனால்தான் காலையில் அளக்கும் உயரம் மாலையில் அளப்பதைவிடச் சற்று கூடுதலாக இருக்கிறது. ஒரு வட்டின் அசைவு மிகச் சிறியது. ஆனால் அத்தனையும் சேரும்போது குனியவும் வளையவும் முடிகிறது. வெளி வளையம் கிழிந்து நடுக்கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி முதுகோடு நிற்காமல் கால் வரை இறங்கும்.

இடுப்பின் முன்பக்கத்தில் இரு பக்க இடுப்பெலும்புகளும் சேரும் இடமும் இந்த வகையே. கர்ப்ப காலத்தில் இயக்குநீர்களின் விளைவாக இது சற்றே தளர்ந்துகொடுக்கிறது.

உயவு மூட்டின் அமைப்பு

கைகால்களின் பெரும்பாலான மூட்டுகள் உயவு மூட்டுகள். இங்கே எலும்புகள் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இடையே மெல்லிய இடைவெளி உண்டு. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். மூட்டைச் சுற்றி உறைபோல நார்ப்பை இருக்கும். அந்தப் பையின் உட்புறத்தில் உயவுப் படலம் என்ற மெல்லிய படலம் உயவுநீரைச் சுரக்கும். எலும்பையும் எலும்பையும் கட்டுவது தசைநார். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். பெயர்கள் நெருங்கியிருப்பதால் மாணவர்கள் இவற்றை அடிக்கடி மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

உயவுநீர் முட்டையின் வெள்ளைக் கருவைப் போன்ற பதமுள்ளது. ஆரோக்கியமான முழங்காலிலேயே இது சில மில்லிலிட்டர்தான் இருக்கும். இவ்வளவு சிறிய அளவில் அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. உராய்வைக் குறைப்பது ஒன்று. குருத்தெலும்புக்கு உணவு கொடுப்பது மற்றொன்று. மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. எடை ஏறும்போது அது பஞ்சுபோல அமுங்கி நீரை வெளியேற்றுகிறது. எடை விலகும்போது புதிய நீரை உறிஞ்சுகிறது. உணவுப் பொருள்கள் அந்த நீரோடுதான் உள்ளே செல்கின்றன. ஆகவே அசையாமல் கிடக்கும் மூட்டின் குருத்தெலும்பு மெலியத் தொடங்கும். இரத்தக் குழாய் இல்லாததால் குருத்தெலும்பு காயம்பட்டால் தோலைப்போல ஆறுவதில்லை. நரம்பு இல்லாததால் தேய்மானத்தின் தொடக்கத்தில் வலியும் தெரிவதில்லை. தேய்வு முதியவர்களிடம் மிகவும் முற்றிய பிறகே வெளிப்படுவதற்கு இது ஒரு காரணம்.

விரல்களில் சொடக்கு எடுக்கும்போது வரும் ஒலியும் உயவுநீர் சார்ந்ததே. மூட்டை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் திடீரென்று குறைந்து, நீரில் கரைந்திருந்த வாயு குமிழாகிறது. ஒலி குமிழ் தோன்றும்போது வருகிறதா, உடையும்போது வருகிறதா என்பது பல்லாண்டுகளாக விவாதத்தில் உள்ளது. வாயு மீண்டும் கரைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆவதால் அதே விரலில் உடனே மறுபடி சொடக்கு எடுக்க முடியாது. சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று வீடுகளில் கண்டிப்பதுண்டு. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 50 ஆண்டுகள் ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்துவந்து, இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் எழுதினார். 2009-இல் அதற்காக நகைச்சுவை விருதான இக் நோபலும் பெற்றார். ஒரே ஒருவரின் சோதனை எதையும் நிறுவாது என்றாலும், அவ்வளவு பொறுமை பாராட்டத்தக்கது.

வடிவங்களும் அசைவுகளும்

அசைவுகளுக்குச் சில பெயர்கள் தேவைப்படுகின்றன. மூட்டின் கோணத்தைக் குறைப்பது மடக்கல்; கூட்டுவது நீட்டல். உறுப்பை உடலின் நடுக்கோட்டிலிருந்து அகற்றுவது விலக்கல். நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவருவது சேர்த்தல். எலும்பு தன் அச்சிலேயே திரும்புவது சுழற்றல். இவற்றைப் படித்து மனத்தில் நிறுத்துவதைவிட, கீழே சொல்வதை உங்கள் கையிலேயே செய்துபார்த்தால் விரைவில் பிடிபடும்.

விரல்களின் நடுக்கணு கீல் மூட்டு. கதவுபோல ஒரே தளத்தில் மடங்கும், நீளும், பக்கவாட்டில் அசையாது. விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டி வேறு வகை. அங்கே முட்டை வடிவ முண்டு ஆழமற்ற குழியில் உட்காருவதால் மடக்குவதோடு விரல்களை விரிக்கவும் முடியும். இப்போது முட்டியை முழுவதும் மடக்கிக்கொண்டு விரல்களை விரிக்க முயலுங்கள், முடியாது. மடங்கும்போது இருபக்கத் தசைநார்களும் இறுகிவிடுவதே காரணம். ஒரே மூட்டு ஒரு நிலையில் அசைவுக்கும் இன்னொரு நிலையில் உறுதிக்கும் சாய்வதை இங்கே நேரடியாகக் காணலாம். கைப்பிடி வலுவாக இருப்பதும் இதனால்தான்.

பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி இருப்பது சேண மூட்டு. குதிரைச் சேணமும் அதில் அமர்ந்தவரும்போல, இரு பரப்புகளும் ஒன்றில் குழிந்து மற்றொன்றில் புடைத்துப் பொருந்துகின்றன. பெருவிரல் மற்ற நான்கு விரல்களின் நுனிகளையும் தொட முடிவது இந்த மூட்டால்தான். விரற்கணுக்களைப் பெருவிரலால் தொட்டு எண்ணுவதும், சோற்றைப் பிசைந்து உருட்டுவதும், பேனா பிடிப்பதும் இதன் தயவு. அதிகம் உழைப்பதால் முதுமையில் அதிகம் தேயும் மூட்டுகளுள் இதுவும் ஒன்று.

முளை மூட்டில் ஒரு எலும்பு வளையத்துக்குள் சுழல்கிறது. கழுத்தின் முதல் முள்ளெலும்பு, இரண்டாவதிலிருந்து எழும் முளையைச் சுற்றித் திரும்புவதால் ‘இல்லை’ என்று தலையாட்டுகிறோம். ‘ஆம்’ என்று தலையசைப்பது பெரும்பாலும் அதற்கு மேலே, மண்டையோடும் முதல் முள்ளெலும்பும் சேரும் மூட்டில் நடக்கிறது.

இன்னொரு முளை மூட்டு முழங்கையில் கீல் மூட்டோடு சேர்ந்தே இருக்கிறது. முன்கையின் இரு எலும்புகளுள் பெருவிரல் பக்கத்தது ஆரை எலும்பு. அதன் தலை ஒரு தசைநார் வளையத்துக்குள் சுழல்வதால் உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப முடிகிறது. சாவி திருப்புவது இந்த அசைவே. சிறு குழந்தைகளில் அந்த வளையம் தளர்வாக இருக்கும். ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரு கையைப் பிடித்துச் சட்டென்று தூக்கினாலோ, இரு கைகளையும் பிடித்து விளையாட்டாகச் சுழற்றினாலோ ஆரை எலும்பின் தலை வளையத்திலிருந்து நழுவக்கூடும். குழந்தை அழுதுவிட்டு, கையைச் சற்று மடக்கியபடி தொங்கவிட்டு, பயன்படுத்த மறுக்கும். வீக்கம் பெரும்பாலும் இருக்காது. பயிற்சி பெற்ற மருத்துவர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். குழந்தையை அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்கினால் இது நேராது.

மணிக்கட்டிலும் பாதத்திலும் உள்ள சிற்றெலும்புகளுக்கு இடையே தட்டையான வழுக்கு மூட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறிதே நகரும்.

தாடை மூட்டு எந்த ஒரு பெட்டியிலும் அடங்குவதில்லை. காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்தால், தாடை முதலில் கீல்போலத் திரும்பி, பிறகு முன்னோக்கி வழுக்குவதை உணரலாம். அளவுக்கு மீறிக் கொட்டாவி விடும்போது சிலருக்குத் தாடை முன்னே நழுவி வாய் மூட முடியாமல் போவது இந்த வழுக்கலால்தான்.

தோளும் இடுப்பும்

இரண்டும் பந்துக்கிண்ண மூட்டுகள். ஆனால் பந்துக்கும் கிண்ணத்துக்கும் உள்ள பொருத்தத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

தோளில் மேற்கை எலும்பின் பெரிய தலைக்குத் தோள்பட்டை எலும்பில் கிடைப்பது ஒரு சிறிய, ஆழமற்ற குழி மட்டுமே. எந்த நிலையிலும் தலையின் மூன்றில் ஒரு பங்கு அளவே குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழியின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் அதைச் சற்றே ஆழப்படுத்துகிறது. சுற்றி இருக்கும் நான்கு தசைகளின் தசைநாண்கள் தலையை இழுத்துப் பிடிக்கின்றன. எலும்பின் பிடி குறைவு, தசையின் பிடி அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள்பட்டை எலும்பும் முதுகில் சேர்ந்து சுழல்கிறது. முழு உயர்வான 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டிலும், மீதி தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் வருகிறது.

இந்தச் சுதந்திரத்துக்கான விலை, உடலின் பெரிய மூட்டுகளில் மிக அடிக்கடி நழுவுவது தோளே என்பது. பெரும்பாலும் முன்பக்கமாக நழுவும். தோளின் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகத் தெரியும். அருகில் இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்ய முயல்வது ஆபத்து. எலும்பு முறிந்திருக்கலாம். அக்குள் வழியாகச் செல்லும் நரம்பு நசுங்கியிருக்கலாம். தோளின் வெளிப்புறத் தோல் மரத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது இதற்காகவே. கையை உடலோடு சேர்த்துத் துணியால் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. இளம் வயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம். இதற்கு நேர் எதிரான தொல்லையும் தோளுக்கு உண்டு: நார்ப்பை சுருங்கி இறுகி, கையைப் பின்னால் கொண்டுபோகவே முடியாத உறைதோள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது.

இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் பொதிந்திருக்கிறது. முன்பக்கத்தில் இருக்கும் தசைநார் உடலிலேயே மிக வலிமையானது. நிமிர்ந்து நிற்கும்போது அது இறுகி, தசைகள் அதிகம் உழைக்காமலே உடலைத் தாங்குகிறது. எனவே வளர்ந்தவருக்கு இடுப்பு நழுவுவது வாகன விபத்து போன்ற பெரும் விசையால்தான். அப்படி நழுவினால் தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடலாம் என்பதால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்யப்பட வேண்டும்.

குழந்தை பிறக்கும்போது கிண்ணம் இன்னும் ஆழமாக இருப்பதில்லை. தலை சரியாகப் பொருந்தி அழுத்தினால்தான் கிண்ணம் நன்கு உருவாகும். கால்கள் விரிந்து மடங்கிய நிலை தலையைக் கிண்ணத்துக்குள் வைக்கிறது. கால்களை நேராக நீட்டி இறுக்கித் துணி சுற்றுவது வெளியே தள்ளுகிறது. குழந்தையை இடுப்பில் கால் விரித்து உட்காரவைக்கும் நம் ஊர்ப் பழக்கம் மூட்டுக்கு நல்லது.

முழங்கால்

உடலின் மிகப் பெரிய மூட்டு இது. கீல் மூட்டு என்று பாடநூல்கள் சொல்வது பாதி உண்மையே. நாற்காலியில் அமர்ந்து முழங்காலை மடக்கிய நிலையில் பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பிப் பாருங்கள், திரும்பும். காலை நேராக நீட்டினால் அந்தத் திருப்பம் முழங்காலில் நின்றுவிடும்; திருப்புவது இடுப்பாகவே இருக்கும். கால் முழுவதும் நீளும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் சற்றே வெளிப்புறம் திரும்பிப் பூட்டிக்கொள்வதே காரணம். மடக்கத் தொடங்கும்போது பின்பக்கத்துச் சிறு தசை ஒன்று பூட்டைத் திறக்கிறது.

தொடை எலும்பின் உருண்ட முனைகள் கீழ்க்கால் எலும்பின் தட்டையான மேற்பரப்பில் உருள்கின்றன. எலும்பின் வடிவம் தரும் உறுதி மிகக் குறைவு. பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு எடையைப் பரப்புகின்றன. மூட்டுக்குள் குறுக்காகச் செல்லும் இரு தசைநார்கள் முன்னும் பின்னும் நழுவாமல் காக்கின்றன. ஓடும் வேகத்தில் பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பினால் முன்குறுக்குத் தசைநார் கிழியும். கபடி, கால்பந்து ஆடுவோருக்கு இது பழகிய காயம். ‘டப்’ என்ற ஒலி, சில மணி நேரத்தில் வீக்கம், பிறகு கால் நம்பிக்கையின்றி மடங்குவது ஆகியவை அடையாளங்கள். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று மீண்டும் களமிறங்குபவர்கள் பிறைக் குருத்தெலும்பையும் கிழித்துக்கொள்கிறார்கள்.

மூட்டு நோய்கள்

எல்லா மூட்டு வலியையும் ‘மூட்டுவாதம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் குழப்பம் வருகிறது. எந்தப் பகுதி கெடுகிறது என்று கேட்டால் வேறுபாடு தெளிவாகும். தேய்வு வாதத்தில் கெடுவது குருத்தெலும்பு. உழைத்தால் வலி கூடும், ஓய்வில் குறையும். முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே உயவுப் படலத்தைத் தாக்குகிறது. காலையில் எழும்போது நெடுநேரம் விரல்கள் இறுகியிருக்கும். கௌட் நோயில் யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் படிகின்றன. பெரும்பாலும் கால் பெருவிரலில் நள்ளிரவில் தொடங்கும். 2006-இல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியாவில் காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்தது. ‘வளைந்து முடங்குவது’ என்ற பொருள் தரும் அந்தப் பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழிச் சொல்.

காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு வீங்கிச் சிவந்து, அசைக்கவே விடாமல் வலித்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். சில நாள்களுக்குள் குருத்தெலும்பை அழித்துவிடும் என்பதால் இது அவசர நிலை. எண்ணெய் தடவிக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்றும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் செல்லும் நரம்புகள் சில பொதுவானவை. ஆகவே இடுப்பில் நோய் இருக்கும் பிள்ளை முழங்காலைக் காட்டி அழலாம். முழங்காலை மட்டும் படம் எடுத்து ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டால் நோய் தப்பிவிடும். நொண்டும் பிள்ளைக்கு இடுப்பையும் பரிசோதிக்குமாறு கேட்பது நல்லது.

முற்றிலும் தேய்ந்த மூட்டுக்கு மாற்று மூட்டு பொருத்தப்படுகிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்புக்கு இதை நம்பகமான சிகிச்சையாக்கினார். முதலில் அவர் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் விரைவில் தேய்ந்துபோயின. 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். உராய்வைக் குறைக்க உலோகப் பந்தை 22 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினார். சிறிய பந்து கிண்ணத்திலிருந்து எளிதில் நழுவும். பெரிய பந்து நழுவாது, ஆனால் கிண்ணத்தை அதிகம் தேய்க்கும். தேய்மானம் குறைந்த பாலிஎத்திலீன் பின்னர் கிடைத்த பிறகே பெரிய பந்துகள் பரவலாகின.